சதுப்பில் நட்ட சூலம்

சாமி இல்லாத இடத்தில் சாமி இருக்கிறது என்று பொய் சொன்னவர்கள் இந்த மலாயா நாட்டில் நிறையப் பேர். பாதிப் பேர் உண்டியலுக்காகச் சொன்னார்கள், மீதிப் பேர் நிலத்துக்காக. பாரிட் தீகாவில் மதகுக் காவல் பார்த்த பக்கிரிசாமி ஒரு ஜோடிப் பருந்துக்காகச் சொன்னார். நோக்கம் நல்லது. நோக்கத்தை யாரும் கேட்கவில்லை, பொய்யைத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

கிள்ளானிலிருந்து காப்பார் போகிற ரோட்டில் இடப்பக்கம் ஒரு செம்மண் பாதை கடலுக்கு இறங்கும். அதன் முடிவில் பாரிட் தீகா. கடல் உள்ளே வராமலிருக்க வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட மண்கரை அங்கே இருந்தது. பண்டு என்பார்கள். பண்டில் இரண்டு மதகுகள். முதல் மதகு தென்னந்தோப்புக் கால்வாய்க்கு. கடல் ஏறும்போது மூடி, இறங்கும்போது திறக்க வேண்டும். இரண்டாவது மதகு பழைய சதுப்புக்கு. அதை யாரும் மூடுவதில்லை. கடல் அதன் வழியாக உள்ளே போகும், வெளியே வரும், பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களின் வேரைக் கழுவும். அந்தச் சதுப்பு ஒருத்தருக்கும் வேண்டாத நிலம். சேறு, கொசு, நண்டு, நாரை, நீர்நாய். அவ்வளவுதான்.

பக்கிரிசாமி முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். கூலிகள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். யாரோ தெரிந்தவர் மூலம் மதகு வேலை கிடைத்தது, கூடவே பலகை வீடும். லயத்தில் பக்கத்து வீட்டு ரேடியோவும் எதிர் வீட்டுச் சண்டையும் கேட்டுத் தூங்கியவருக்கு, சேற்றில் நண்டு நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும் இடத்தில் ஆரம்பத்தில் பைத்தியம் பிடிக்காத குறை.

மதகின் கம்பியில் மீன் மாட்டும். தூக்கிப் போட்டார். ஒரு செம்பருந்து வந்து எடுத்தது. அடுத்த நாளும் வந்தது. பிறகு ஜோடியாக வந்தன. வெள்ளைத் தலை, செங்கல் நிறச் சிறகு. சதுப்பின் ஓரத்தில் நின்ற ஒற்றை ஆப்பி ஆப்பி மரம்தான் அவற்றுக்கு வீடு. ஒவ்வொரு வருஷமும் அதே கிளையில் குச்சி அடுக்கும். கொஞ்ச காலத்தில் மதகுச் சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டாலே இரண்டும் தலைக்கு மேல் வந்து நிற்கப் பழகிவிட்டன.

“கட்டுனவளுக்கு ஒரு கெழங்கா மீனு வாங்கித் தந்ததில்ல. பருந்துக்குப் பந்தி வைக்கிறாரு தொர,” என்பாள் மனைவி பவுனம்மாள்.

“நீ பறந்து வந்து கேளு, ஒனக்கும் போடுறேன்.”

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது வாழ்க்கை.

எண்பத்து மூன்றில் மிஸ் மார்க்கிரட் வந்தார். தலைநகரத்து பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கழுத்தில் தூரக்கண்ணாடி, தலையில் ஓலைத் தொப்பி. ரயிலில் கிள்ளான் வந்து, பஸ் பிடித்து, செம்மண் பாதையில் நடந்து வருவார். பறவைகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். பவுனம்மாள் முதலில் அவரை ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு தேநீர் கொடுக்கப் பழகினாள்.

அடுத்த வருஷம் சதுப்பின் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய முளைகள் முளைத்தன. ஒரு கம்பெனி அங்கே தாமான் என்ற குடியிருப்பு கட்டப் போகிறது என்று பேச்சு. சதுப்பை மண் கொட்டி மூடி வீடுகள். மிஸ் மார்க்கிரட் விசாரித்துக்கொண்டு வந்து, மனு ஒன்று தயாரித்தார்.

“பக்கிரிசாமி, பேப்பருக்கும் எழுதிப்போட்டன். ஆனா நான் ஒரு ஆள் பிரிக்பீல்ட்ஸில இருந்து கத்தினா யார் கேக்கப் போறாங்கள்? இஞ்ச இருக்கிற சனம் கேக்கவேணும். மலாய்க்காரர் கம்பத்தில, தோப்பில நண்டு பிடிக்கிற ஆக்கள் இருக்கினம்தானே? நீங்கள் என்னோட வீடு வீடா வாங்கோ. உங்களைத்தான் அவையளுக்குத் தெரியும்.”

பக்கிரிசாமி தலையைச் சொறிந்தார். “கவர்மெண்டு வேல மிஸ். நான் கையெழுத்துப் போட்டா மறுநாளே வீட்டக் காலி பண்ணுன்னுவான். அதுவும் இல்லாம, கொக்குக்குக் கையெழுத்துப் போடுங்கன்னு கேட்டா நம்மாளுங்க சிரிப்பானுங்க லா.”

“கொக்குக்கு மட்டுமில்லை. மழைத் தண்ணி எங்க போய் நிக்கும்? நண்டு விக்கிற சனம் என்ன செய்யும்? அதைச் சொல்லுங்கோ.”

“பாக்குறேன் மிஸ்.”

பார்க்கவில்லை. ஆள் சேர்ப்பது கஷ்டமான வேலை. படியேற வேண்டும். “உனக்கென்னய்யா லாபம்?” என்று கேட்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாய் துரத்தும். பத்து வீட்டில் ஒன்பது வீடு கதவைச் சாத்தும், பத்தாவது வீட்டுக்காரன் பழைய கடனைப் பற்றிப் பேசுவான். சூலம் நடுவது சுலபம். கிள்ளானில் ஒரு பட்டறையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் அடித்துத் தந்துவிடுவான்.

பக்கிரிசாமிக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. ரயில் பாதை ஓரம், ரோட்டு வேலை நடக்கும் இடம், தோட்டத்து முதல் மரம், எங்கேயும் நம்மாட்கள் ஒரு கல்லை வைத்து மஞ்சள் துணி சுற்றியிருப்பார்கள். வைத்த பிறகு அதைத் தொட எந்த மேனேஜரும் யோசிப்பான். மலாயாவில் நம்மிடம் பத்திரம் இருந்ததில்லை, சாமிதான் இருந்தது. அதைத் தெரியாத தமிழன் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆப்பி ஆப்பி மரத்தடியில் சூலத்தை ஊன்றினார். ஒரு கருங்கல், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் குத்தினார். பிறகு தென்னந்தோப்புக் கடைக்குப் போய், காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “காளியம்மா கனவுல வந்தா. அந்த மரத்துல குடியிருக்காளாம். சேத்துல கை வச்சா ரெத்தம் கக்க வப்பேங்கிறா.”

கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் முதல் அபாயம். அவர் அதைக் கவனிக்கவில்லை.

புல்டோசர் வந்தது. ஓட்டியவர் ஆ சியோங் என்ற சீனர். சூலத்துக்கு நேரே வந்து வண்டியை நிறுத்தினார். எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, சாமி கா?”

“சாமி பெசார்,” என்றார் பக்கிரிசாமி. பெரிய சாமி என்பதற்கு மலாயில் அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அதுவே போதுமாயிருந்தது. ஆ சியோங் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். இருக்கைக்கு அடியிலிருந்து ஊதுபத்தி எடுத்து, மூன்றைக் கொளுத்திக் கல்லின் முன் குத்தி, மூன்று தடவை குனிந்தார். பிறகு புல்டோசரைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பண்டு முடியும் வரை முன்பக்கம் திருப்பவே இல்லை. சாமிக்கு முதுகு காட்டக் கூடாதாம்.

பக்கிரிசாமி மதகில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். மேலே இரண்டு பருந்துகளும் வட்டமிட்டன.

சனிக்கிழமை மிஸ் மார்க்கிரட் வந்து கதையைக் கேட்டார். சிரிக்கவில்லை.

“கனவு கண்டது மெய்யா?”

“மிஸ்க்குத் தெரியாதா?”

“பொய்யில கட்டி எவ்வளவு நாளைக்குக் காப்பாத்துறது?”

“மிஸ் பேப்பருக்கு எழுதி எத்தன மாசம்? ஒரு பய வந்து பாத்தானா? என் சூலம் ஒரே நாள்ல புல்டோசர ரிவர்ஸ்ல அனுப்பிருச்சு. இனிமே பேப்பருக்கெல்லாம் எழுதாதீங்க. பேசாம இருங்க. கெளறுனா கம்பெனிக்காரன் முழிச்சுக்குவான்.”

மிஸ் மார்க்கிரட் தூரக்கண்ணாடியைத் துடைத்துக் கண்ணில் வைத்துச் சதுப்பைப் பார்த்தார். நாரைகள் அந்த வருஷம் நன்றாகக் குஞ்சு பொரித்திருந்தன. “சரி, நீங்கள் சொன்னாச் சரி,” என்றார். மனுவைப் பையில் போட்டார். அது பையிலேயே இருந்தது.

சூலத்துக்குக் கால் இல்லை, ஆனால் செய்திக்கு உண்டு. புல்டோசர் தானாக நின்றது என்று காப்பாரில் பேசினார்கள். அடுத்த ஊரான மேருவில் பேசும்போது ஓட்டியவன் ரத்தம் கக்கினான். ஆ சியோங் அந்த நேரத்தில் ரவாங்கில் வேறு வேலையில் நன்றாகத்தான் இருந்தார். இராஜம்மா என்ற பெண், புருஷன் குடியை விட்டால் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். அவனுக்கு ஈரல் கெட்டு டாக்டர் பயமுறுத்தியதில் குடியை விட்டான். டாக்டருக்கு யார் பொங்கல் வைப்பார்? இங்கே வந்து வைத்தாள். அவளோடு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் சேற்றில் நடக்க முடியவில்லை என்று மணல் கொட்டினார்கள். பாம்பு வரும் என்று பாக்காவ் மரங்களை வெட்டினார்கள். வெயிலுக்கு ஜிங்க் தகரம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை பட்டாசு வெடித்தார்கள். கிட்ட இருந்த மரங்களிலிருந்து நாரைகள் தூரப் போயின.

பக்கிரிசாமி ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “பட்டாசு வேணாம்பா. அம்மாவுக்குப் பிடிக்கல.”

“என்னண்ணே இப்படிச் சொல்றீங்க?” என்றார் தம்புசாமி. கிள்ளானில் லோரி வைத்து ஓட்டுகிறவர், வாய் பெரிது, கை அதைவிடப் பெரிது. “காளிக்கு சத்தம் பிடிக்காமையா? அவ என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். பக்கிரிசாமியும் சிரித்தார். எதிர்த்து என்ன சொல்ல? கனவு பொய் என்றால் பட்டாசு நின்றுவிடும், ஆனால் புல்டோசர் வந்துவிடும். தன் பொய்க்குள் தானே மாட்டிக்கொண்டவனுக்கு இரண்டு பக்கமும் வழி இல்லை.

ஆனால் முழு உண்மை அது அல்ல. மதகுக்காரனாக இருந்தவரை அவரை வழியில் பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இப்போது காலில் விழுந்தார்கள். திருநீறு அவர் கையால் வேண்டும் என்றார்கள். கிளார்க்கு உத்தியோகத்தில் இருப்பவர்கள் “சாமி” என்று கூப்பிட்டார்கள். தோட்டத்தில் பெயர் தெரியாத கூலியாக இருந்தவருக்கு அது கசக்கவில்லை. காலையில் குளித்து வேட்டி கட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். கம்பியில் மாட்டிய மீனைப் பருந்துக்குப் போடுவதை நிறுத்தினார். பூசாரி மீனைத் தொடலாமா?

தம்புசாமி கமிட்டி அமைத்தார். அவரே தலைவர். எண்பத்து ஏழில் கம்பெனி அந்தக் கமிட்டியைத் தேடி வந்தது. முழித்துக்கொள்ளக் கம்பெனிக்கு மனு தேவைப்படவில்லை. பேசுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளை உருவாக்கிக் கொடுத்தது சூலம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். தம்புசாமி எழுந்தார்.

“எல்லாரும் கேளுங்க. கம்பெனிக்காரன் எறங்கி வந்துட்டான். அரை ஏக்கர் நெலம், கிராண்டு பத்திரத்தோட தர்றான். கல்லுக் கோயில் கட்டிக் குடுக்குறான். மண்டபம், கோபுரம், கார் நிக்க எடம். நாம பண்ண வேண்டியது ஒண்ணுதான். மத்த சதுப்ப மூடுறதுக்கு ஆட்சேபன இல்லன்னு சொல்லணும். மலிவு வீடும் கட்டுறாங்க, நம்ம சனத்துக்குத்தான் முதல்ல.”

“அந்த பிரிக்பீல்ட்ஸ் டீச்சரம்மா ஒத்துக்குமா?” என்று யாரோ கேட்டார்.

“நம்மகிட்ட வேல வாங்குன கிராணி வீட்டம்மாவுக்குக் கொக்கு இருக்க எடம் வேணும். நமக்கு நாம இருக்க எடம் வேணும். லயத்த விட்டு நம்மள தொரத்துனப்ப எந்த டீச்சரம்மா தூரக்கண்ணாடி போட்டுப் பாத்தா?”

கைதட்டினார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

தம்புசாமி திரும்பினார். “ஆனா எடம் நம்மளுது இல்ல. அம்மாவோடது. கனவு கண்டவரு அண்ணன்தான். கேட்டுச் சொல்லுங்கண்ணே. அம்மா என்ன சொல்றா?”

பெண்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார்கள். பக்கிரிசாமி கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஆப்பி ஆப்பி மரம். தகர இடுக்கு வழியாகக் கூட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. புது மண்டபத்துக்காக அந்த மரம் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். “வேணாங்கிறா.” அவ்வளவுதான். அதை மீறி அந்தக் கூட்டத்தில் ஒருவன் கூட மூச்சு விட்டிருக்க மாட்டான், தம்புசாமி உட்பட. பருந்துக்காக ஏற்கனவே ஒரு பொய் சொன்னவர்தானே? இரண்டாவது பொய்க்கு என்ன குறைச்சல்?

தரையில் கோயிலின் வரைபடம் விரித்துக் கிடந்தது. கோபுரத்துக்குக் கீழே, வாசல் பக்கம், ஒரு பளிங்குக் கல்லுக்குக் கட்டம் போட்டிருந்தார்கள். அதில் பென்சிலால் எழுதியிருந்தது: ஸ்தாபகர் பக்கிரிசாமி.

“அம்மாவுக்குச் சம்மதம்,” என்றார்.

பிற்பாடு பயத்தினால் சொன்னேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பயம் இல்லை. பளிங்குக் கல்.

மறு மாதம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: இரண்டாவது மதகை மூடு. கடல் வந்துகொண்டிருந்தால் மண் நிற்காது. மூட வேண்டிய கை யாருடையது? சம்பளம் வாங்குகிற கை. பழக்கமில்லாத சக்கரம் துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, முழு பலத்தையும் போட்டுச் சுற்றினார். கிறீச்சென்ற சத்தம் கேட்டதும் பருந்துகள் இரண்டும் பழைய பழக்கத்தில் மேலே வந்து நின்றன. மீன் வரும் என்று காத்திருந்தன. அவர் நிமிர்ந்து பார்க்காமல் கடைசிச் சுற்று வரை சுற்றினார்.

சேறு காய்ந்து வெடித்தது. நண்டுகள் செத்து நாறின. நீர்நாய்கள் பகலிலேயே கரையேறி ரோட்டைக் கடந்து போயின. லோரிகள் வந்தன, அதில் தம்புசாமியின் லோரிகளும் இருந்தன.

மிஸ் மார்க்கிரட் இதற்கிடையில் தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் கொஞ்ச காலம் வரவில்லை. வந்தபோது பாதி சதுப்பு செம்மண்ணாக இருந்தது. பண்டின் மேல் நின்று பார்த்தார். தூரக்கண்ணாடியை எடுக்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை.

பக்கிரிசாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “மிஸ், நான் என்னா பண்றது? கமிட்டி முடிவு…”

“உங்களை ஏச நான் வரேல்ல,” என்றார் அவர். “ஏசுறதெண்டா என்னையும் சேத்துத்தான் ஏசவேணும். பொய் வேலை செய்யுது எண்டு நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். அந்த நேரம் நாங்கள் வீடு வீடாப் போயிருந்தா, தோத்தாலும் பத்துப் பேராவது எங்களோட நிண்டிருப்பினம். இப்ப ஆர் நிக்கினம்?”

பவுனம்மாள் தேநீர் கொண்டுவந்தாள். மிஸ் மார்க்கிரட் நின்றபடியே குடித்துவிட்டு, “போட்டு வாறன்,” என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகு அவர் பாரிட் தீகாவுக்கு வரவில்லை.

எண்பத்து ஒன்பதில் கும்பாபிஷேகம். கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் பஸ் பிடித்துச் சனம் வந்தது. ஆப்பி ஆப்பி மரத்தை முந்தின வாரம்தான் வெட்டியிருந்தார்கள், பந்தலுக்கு இடைஞ்சலாம். மரம் வெட்டிய அன்று பக்கிரிசாமி கிள்ளான் பாசாருக்கு வாழை இலை வாங்கப் போயிருந்தார். போகாமல் இருந்திருக்கலாம். வேண்டுமென்றே போனார்.

அவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். ஐயர் கோபுரத்தின் மேல் குடத்தோடு ஏறினார். கீழே எல்லாரும் கழுத்தை நிமிர்த்தி வானத்தையே பார்த்தார்கள். கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

வந்தன. ஒன்றல்ல, இரண்டு. வெள்ளைத் தலை, செங்கல் நிறச் சிறகு. தாழ்வாக வந்து கோபுரத்தைச் சுற்றின. விலகிப் போய், திரும்ப வந்து, முன்பு மரம் நின்ற இடத்துக்கு நேர் மேலேயே சுற்றின. மெல்லிய குரலில் விடாமல் கத்தின.

“கருடன்! கருடன்!” என்று கூட்டம் அலறியது. உறுமி முழங்கியது. இராஜம்மா தரையில் விழுந்து அழுதாள். தம்புசாமிக்கே கண் கலங்கியது.

பக்கிரிசாமி கையைக் கூப்பவில்லை.

“அது கருடன் இல்லப்பா,” என்றார். பக்கத்தில் இருந்த தம்புசாமியின் கையைப் பிடித்தார். “அது என் பருந்து. கூடு தேடுது. முட்ட போட்டிருந்துச்சு. நீங்க மரத்த வெட்டிட்டீங்க.”

“என்னண்ணே?”

“நான் கனவே காணல தம்பு! பொய் சொன்னேன். அம்மா வரல, ஒண்ணும் வரல. பட்டறையில அடிச்ச சூலம்யா அது! புல்டோசர நிப்பாட்டப் பொய் சொன்னேன்!” உடம்பு நடுங்கியது. பரிவட்டம் அவிழ்ந்து தோளில் விழுந்தது.

தம்புசாமி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பின்னால் திரும்பிக் கையை உயர்த்தினார்.

“அண்ணனுக்கு அருள் வந்துருச்சு! அடிங்கடா உறுமிய!”

அடித்தார்கள். பக்கிரிசாமி கத்தக் கத்த உறுமியின் வேகம் கூடியது. நாலு பேர் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். யாரோ வேப்பிலையால் தடவினார்கள். பெண்கள் வரிசையில் வந்து காலில் விழுந்தார்கள். “பொய், பொய்,” என்று அவர் சொன்னதை, அம்மா பொய்யர்களைக் கண்டிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, ஒருவர் தன் மச்சானை முறைத்துப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசி, எலுமிச்சம்பழத்தை வாயில் பிழிந்து, பந்தல் ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

பவுனம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

“நீயாச்சும் நம்புறியா?” என்றார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்யா. அந்த வாரம் பூரா நீ கொறட்ட விட்டுத்தான் தூங்குன. கனவு காண்றவன் அப்படியா தூங்குவான்?”

“அப்புறம் ஏன்டி சொல்லல?”

அவள் கோபுரத்தைப் பார்த்தாள். “லயத்துல நமக்குன்னு என்னா இருந்துச்சு? இங்கயாவது நம்ம சனத்துக்கு ஒரு எடம் கெடைக்குதேன்னு இருந்துட்டேன்.”

மலிவு வீடு வரவில்லை. வந்தது இரண்டு மாடி வீடுகள். பந்தலில் நின்றவர்களில் ஒருவர் கூட வாங்க முடியாத வீடுகள். அது பிறகு தெரிந்தது. அன்று மத்தியானம் எல்லாரும் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

பக்கிரிசாமி எழுந்து பண்டுக்கு நடந்தார். கடல் ஏறுகிற நேரம். இரண்டாவது மதகின் சக்கரத்தைப் பிடித்துத் திறந்தார். அது அதே பழைய சத்தம் போட்டது. உத்தரவை மீறி அவர் வாழ்க்கையில் செய்த முதல் காரியம். தண்ணீர் உள்ளே பாய்ந்தது, சில முழம் ஓடி, கொட்டி வைத்த செம்மண்ணில் முட்டி நின்றது. நுரை தள்ளிக்கொண்டு அங்கேயே நின்றது.

கம்பியில் ஒரு மடவை மீன் மாட்டித் துள்ளியது. பூசாரிக் கையால் அதை எடுத்து, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தத்துக்கு இரண்டும் வந்தன. மேலே ஒரு வட்டம் போட்டன. இறங்கவில்லை. கடலைத் தாண்டி, தீவுகள் இருக்கும் பக்கமாகப் போய்விட்டன.

ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதல் இலை ஸ்தாபகருக்குத்தானாம்.